புக்கிட் பத்து பாஹாட் கற்கோயில்: எஞ்சிய அடித்தளம் உணர்த்தும் கட்டடக்கலை

சுங்கை வேயில் தமிழாசிரியர் சிலர் கூடிய ஒரு கலந்துரையாடலில் கடாரத்தைப் பற்றி உரையாற்றும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. கெடா மாநிலத்துப் புஜாங் பள்ளத்தாக்கில் உள்ள கற்கோயிலின் படங்களைத் திரையில் காட்டியபோது, அனுபவம் மிக்க ஆசிரியை ஒருவர் எழுந்து, "இதற்குச் சுவர் எங்கே, ஐயா? கோபுரம் எங்கே? இடித்துவிட்டார்களா, இல்லை கட்டவே இல்லையா? பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். எளிய வினாதான். ஆயினும், அன்று அளித்த விடை இக்கட்டுரையாளருக்கே நிறைவளிக்கவில்லை. அவ்விடையைச் சற்று விரித்துச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

மேற்கண்ட வினாவின் பின்னே ஓர் ஏமாற்றம் இருப்பதை மறுப்பதற்கில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தைப் பாடநூல்களில் பார்த்துப் பழகிய மாணவர், இராசேந்திர சோழனோடு இணைத்துப் பேசப்படும் கடாரத்தில் அதற்கு இணையான ஒன்றைத் தேடுகின்றனர். அங்கே அவர்கள் காண்பது இடுப்பளவும் ஆளுயரமுமாக நிற்கும் கருங்கல் அடுக்குகள். ஏமாற்றத்தை மறைக்க, "பெரிய கோயில் இருந்தது, அழித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. கற்கள் அவ்வாறு சொல்லவில்லை.

இடமும் பெயரும்

கெடாவின் தென்பகுதியில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை கடலோரச் சமவெளியிலிருந்து தனித்து எழுகிறது. வங்கக் கடலைக் கடந்து வரும் மரக்கலங்களுக்குத் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் இது. மலையின் தென்சரிவில் தோன்றும் ஓடைகள் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் கலக்கின்றன. அம்முகத்துவாரத்தை ஒட்டியும் மலையடிவாரத்திலும் சிதறிக் கிடக்கும் தொல்லிடங்களின் தொகுதியையே புஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். பண்டைக் காலத்தில் கடற்கரை இன்றுள்ளதைவிட உட்புறமாக இருந்தது. இன்று வயலாகவும் சதுப்பாகவும் உள்ள பகுதிகளில் படகுகள் சென்றன.

இத்தொல்லிடங்களுள் கற்கோயிலாக மிகவும் அறியப்பட்டது, ஆய்வாளர் 8ஆம் எண் தளமெனக் குறிப்பிடும் சண்டி புக்கிட் பத்து பாஹாட். 'சண்டி' என்பது மலாய், சாவக மொழிகளில் பழைய இந்து, பௌத்தக் கட்டடங்களைக் குறிக்கும் பொதுச்சொல். 'பாஹாட்' என்பது உளி, 'பத்து' கல், 'புக்கிட்' குன்று. உளியால் கொத்திய கல்லையுடைய குன்று என்பது பொருள். வழிபாடு நின்று பல நூற்றாண்டுகள் கழிந்து, எழுப்பியவர் யார் என்பதும் மறந்துபோன பின்னர், இக்கல்லில் உளி பட்டிருக்கிறது என்பதை மட்டும் அவ்வூர் மக்கள் ஊர்ப்பெயரில் பொதித்து வைத்திருக்கின்றனர். தமிழாசிரியர் தம் மாணவருக்கு இப்பெயரை விளக்கினாலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

அகழ்வும் மீட்டமைப்பும்

இப்பகுதியின் தொன்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெளியுலகிற்கு உணர்த்தியவர் கர்னல் ஜேம்ஸ் லோ. செபராங் பிறை பகுதியில் அவர் 1834இல் கண்டெடுத்த, மாநாவிகன் புத்தகுப்தனின் சமற்கிருதக் கல்வெட்டு இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. முறையான அகழ்வைத் தொடங்கியவர்கள் குவாரிட்ச் வேல்சும் அவருடைய துணைவியார் டோரதியும் ஆவர். 1936, 1937ஆம் ஆண்டுகளில் அவர்கள் ஏறத்தாழ முப்பது தளங்களை ஆராய்ந்து எண்ணிட்டனர். அவர்தம் அறிக்கை 1940இல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் வெளியாயிற்று. இன்றும் நாம் வழங்கும் தள எண்கள் பெரும்பாலும் அவர்கள் இட்டவையே.

வேல்ஸ், அடியார்க்கு எதையும் இந்தியாவிலிருந்து வந்த அலைகளாகக் கண்டவர். ஒவ்வொரு தளத்தையும் ஓர் இந்திய அரசமரபின் காலத்தோடு பொருத்தினார். 8ஆம் தளம் அவர் கணிப்பில் பல்லவர் காலத்துக்குரியது. பின்னர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த அலஸ்டைர் லாம் 1958 முதல் அத்தளத்தை மீண்டும் அகழ்ந்தார். சரிந்து கிடந்த கற்களை அவற்றின் இடமறிந்து அடுக்கி, 1960இல் மீட்டமைப்பை நிறைவு செய்தார். இன்று நாம் காணும் தோற்றம் அவ்வாறு உருவானதே. அருகில் அமைந்த தொல்பொருள் அருங்காட்சியக வளாகத்தில் வேறு சில சண்டிகளும் உள்ளன. அவை பெங்காலான் புஜாங் முதலிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பட்டவை. 8ஆம் தளமோ தான் பிறந்த இடத்திலேயே, ஓடையின் ஓரத்திலேயே நிற்கிறது. இவ்வேறுபாட்டைச் சுற்றுலா வருவோர் பலர் கவனிப்பதில்லை.

லாமின் அறிக்கையிலுள்ள தரைப்படத்தை இக்கட்டுரையாளர் முதன்முதலில் கண்டது, முனைவர் பட்ட ஆய்வின்போது அயல்நாட்டு நூலகம் ஒன்றில். பள்ளிப் பருவத்தில் நேரில் பார்த்தபோது வெறும் கற்குவியலாகத் தோன்றிய ஒன்று, தாளில் கோடுகளாகப் பார்த்தபோது கோயிலாகப் புலப்பட்டது. ஆகவே, மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் தரைப்படம் ஒன்றைக் கையோடு கொண்டு செல்வது நலம்.

தளவமைப்பு

கோயில் இரு பகுதிகளால் ஆனது. ஒன்று, கருவறையைத் தாங்கும் சதுரமான விமானப் பகுதி. மற்றொன்று அதன் முன்னே, கிழக்கில் அமைந்த மண்டபத் தளம். இரண்டும் ஒரே அச்சில் இணைகின்றன. கிழக்கிலிருந்து படியேறி மண்டபத்தைக் கடந்து கருவறையை அடையும் அமைப்பு நமக்குப் பழக்கமானதே. கருவறையைச் சுற்றி வலம்வரும் வழியும் உண்டு. கட்டடப் பொருள், அருகிலுள்ள ஓடையிலும் மலைச்சரிவிலும் கிடைக்கும் கருங்கல். தமிழகத்துக் கற்றச்சர் போல் இங்குள்ளோர் கல்லின் முகத்தைச் சிற்பமாக்க முனையவில்லை. கோட்டங்கள் இல்லை, யாளி வரிசை இல்லை, தேவகோட்டத்து உருவங்கள் இல்லை. கல் வெட்டப்பட்டிருக்கிறது, பொருத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

தமிழாசிரியர் பலர் அறிந்தவாறு, சிற்ப நூல்கள் விமானத்தை ஆறு உறுப்புகளாகப் பகுக்கின்றன: அதிட்டானம், பாதம் அல்லது சுவர், பிரத்தரம், கிரீவம், சிகரம், தூபி. தஞ்சையில் ஏறத்தாழ 216 அடி உயரத்துக்கு இவ்வாறும் கல்லாலேயே எழுந்து நிற்கின்றன. புக்கிட் பத்து பாஹாட்டில் எஞ்சியிருப்பது அதிட்டானமும் அதன்மேல் சிறிதளவு சுவருமே. மேலுறுப்புகள் கல்லால் இருந்து விழுந்திருந்தால் அக்கற்கள் எங்கே என்ற வினா எழும். சிகரத்துக்குரிய வளைகற்களோ கொடுங்கைக் கற்களோ போதிய அளவில் அங்கே கிடைக்கவில்லை. கோயில் கற்களை ஊரார் எடுத்துச் சென்றிருக்கலாம் என்பர். அவ்வாறாயின், எளிதில் எடுத்துச் செல்லத்தக்க அடித்தளக் கற்களை விட்டுவிட்டு மேற்கற்களை மட்டும் ஒன்றுவிடாமல் கொண்டு சென்றது எங்ஙனம்? விடை வேறிடத்தில் உள்ளது.

தூண் நின்ற குழிகள்

மண்டபத் தளத்தின்மீதும் விமானத்தைச் சுற்றியும் வரிசையாகச் சில கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடுவில் குழி. தூணின் அடியில் செதுக்கிய முளை அக்குழியில் பொருந்தி நிற்கும். கல்தூண்கள் எவையும் இல்லாமல் அடிக்கற்கள் மட்டும் இருப்பதால், அங்கே நின்றவை மரத்தூண்கள் என்று கொள்வதே பொருத்தம். அத்தூண்கள் தாங்கிய கூரையும் மரச்சட்டத்தால் ஆனதே. அதன்மேல் ஓலையோ மரச்சிம்புகளோ ஓடோ வேயப்பட்டிருக்கும். இப்பள்ளத்தாக்கின் வேறு தளங்களில் ஓட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

இத்தூணடிக் கற்களையே தனிப்பொருளாகக் கொண்டு பீக்காக் 1974இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பண்டைக் கெடாவின் கட்டடக்கலையை இந்திய மூலங்களிலிருந்து மட்டும் விளக்க இயலாது என்பதும், தூணடிக் கல்லின்மேல் மரக்கட்டடம் எழுப்பும் முறை இத்தீபகற்பத்துக்கும் சுமத்திராவுக்கும் பொதுவான மரபு என்பதும் அவர் வாதத்தின் உயிர்நாடி. சாவகத்தின் ரத்து போகோ மேட்டிலும் தூண் நிற்கக் குழி வெட்டிய கல்தளங்களைக் காணலாம். மழை மிகுந்த, ஈரம் உறைந்த நிலத்தில் மரத்தூணை மண்ணில் நட்டால் விரைவில் உளுத்துப் போகும். கல்லின்மேல் நிறுத்தினால் நெடுநாள் நிற்கும். மலாய்க் கிராமத்து வீடுகளில் தூண்களுக்கு அடியில் கல் வைத்திருப்பதைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும், "அப்படியானால் இது தமிழ்க் கோயில் மரபுக்கு அயலானதா?" என்று கூட்டத்தில் ஒருவர் வருந்தினார். வருந்த வேண்டியதில்லை. நம் மரபிலேயே மரக்கோயில் முந்தியது. மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் அமைத்ததைக் கல்லில் பெருமையுடன் பொறித்துள்ளான். அவன் காலத்துக்கு முன் கோயில்கள் அப்பொருள்களால் ஆனவை என்பது அதிலிருந்தே தெளிவாகிறது. தில்லைச் சிற்றம்பலம் இன்றளவும் கல்லடித்தளத்தின்மேல் மரத்தால் எழுந்து பொன்வேய்ந்த கூரையைத் தாங்கி நிற்கிறது. கேரளத்துக் கோயில்களில் கல்லடித்தளமும் மரச்சட்டக் கூரையும் இன்னும் வாழும் முறை. அவற்றில் ஒன்றின் கூரையும் சுவரும் அழிந்து, ஆயிரம் ஆண்டு மழை பெய்தால், எஞ்சுவது புக்கிட் பத்து பாஹாட்டைப் பெரிதும் ஒத்திருக்கும்.

இன்னும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் முதியோர் பலர் தோட்டத்துக் கோயில்களை அறிவர். நான்கு மரக்கால், அத்தாப்புக் கூரை, பின்னாளில் தகரம். நடுவே சிமெண்டோ கல்லோ கொண்டு உயர்த்திய மேடை, அதன்மேல் அம்மனோ முனீஸ்வரரோ. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபின் அங்கு எஞ்சுவது அம்மேடை மட்டுமே. அம்மேடையைக் கண்டு, "இங்கே கோயில் இருந்ததில்லை" என்று எவரும் சொல்லார். "இங்கே ஏழு நிலைக் கோபுரம் இருந்தது" என்றும் சொல்லார். மாணவருக்கு இவ்வொப்புமையைக் கூறியபோது அவர்கள் உடனே புரிந்துகொண்டதை அவ்வாசிரியையே பின்னர்த் தெரிவித்தார்.

கருவறைச் சுவரில் இட்ட பேழைகள்

மரக்கூரை இவ்வட்டாரத்தின் பொதுமரபு என்றால், இக்கோயிலின் இந்தியத் தொடர்பை எதில் காண்பது? கண்ணுக்குத் தெரியாதவாறு உள்ளே வைத்து மூடப்பட்டவற்றில் காணலாம்.

லாமின் அகழ்வில் விமானப் பகுதியின் கட்டுமானத்துக்குள் கருங்கற்பேழைகள் பல கிடைத்தன. ஒவ்வொன்றும் மூடியுடைய சிறு கற்பெட்டி. உள்ளே நடுவில் ஒரு குழியும் அதனைச் சூழச் சிறு குழிகளும் குடையப்பட்டுள்ளன. அவற்றில் செப்புச் சிறுகலம், மணிக்கற்கள், பொன் வெள்ளித் தகடுகளில் அமைத்த சிற்றுருவங்கள் ஆகியவை இடப்பட்டிருந்தன. ஆகமங்களும் மயமதம், காசியப சிற்பம் முதலிய நூல்களும் கூறும் கருப்பநியாசச் சடங்கை அறிந்தோர்க்கு இவை புதியன அல்ல. கோயிலை ஓர் உயிருடம்பாகக் கருதி, அதன் கருவாகப் பல அறைகள் கொண்ட பேழையில் மணி, உலோகம், தானியம், தெய்வச் சின்னம் ஆகியவற்றை இட்டு, கட்டடத்துக்குள் பதிப்பது அச்சடங்கு. இலங்கையில் யந்திரகல எனப்படும் பல குழிகள் கொண்ட கற்பலகைகளும் இதே கருத்தின் வேறு வடிவம். அன்னா சுலாச்கா 2007இல் வெளியிட்ட நூல், காசியப சிற்பத்தின் வழியே இச்சடங்கை விரிவாக ஆராய்ந்துள்ளது. தென்கிழக்காசியச் சான்றுகளையும் அது கணக்கில் கொள்கிறது.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. சிற்ப நூல்கள் விதிப்பது, பெரும்பாலும் வாயிலின் வலப்புறச் சுவரில் ஒரு பேழையை வைப்பதை. புக்கிட் பத்து பாஹாட்டிலோ பேழைகள் பல. அவை விமானத்தின் பல பக்கங்களிலும் பதிக்கப்பட்டவை. சாவகத்துச் சண்டிகளிலும் பெரிப்பி எனப்படும் இத்தகைய பேழைகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கப்பட்டன. ஆகவே, சடங்கின் கருத்து இந்தியாவிலிருந்து வந்தது. அதனை நிகழ்த்திய முறை இக்கடற்பரப்பில் உருப்பெற்றது. நூலை மனப்பாடமாக வைத்திருந்த ஆசாரியர் ஒருவரும், தம் ஊர் வழக்கத்தை விட்டுக்கொடாத தச்சர் சிலரும் ஒருங்கே நின்று கட்டிய கோயில் என்று இதனைக் கற்பனை செய்துகொள்வதில் இக்கட்டுரையாளருக்கு ஒரு மகிழ்ச்சி. கற்பனைதான்; எனினும் கற்களுக்கு முரணான கற்பனை அன்று.

திருமுழுக்கு நீர் வெளியேறும் சோமசூத்திரக் கல்லின் பகுதியும் இத்தளத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. கருவறையில் நீராட்டப்பெறும் திருமேனி, பெரும்பாலும் இலிங்கம், இருந்தது என்று ஆய்வாளர் கருதுவதற்கு இது ஒரு காரணம். நம் கோயில்களில் வடபுறம் வழியும் அந்நீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளும் நமக்கு, இக்கோயிலில் மிக நெருக்கமான கல் அதுவாகவே இருக்கும்.

சோழர் கட்டியதா?

ஆசிரியர் பலர் எதிர்பார்க்கும் வினா இது. கடாரம் தமிழ் மூலங்களில் நன்கு பதிந்த பெயர் என்பதில் ஐயமில்லை. பட்டினப்பாலையில் வரும் காழகம் கெடாவே என்போர் உண்டு. அன்று என்போரும் உண்டு. சோழர் காலச் சான்றுகள் இதனினும் உறுதியானவை. கடாரத்தரசனான சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவு செய்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அதன்பின் இரண்டு தலைமுறைகூடக் கழியாத நிலையில், 1025ஆம் ஆண்டையொட்டி, முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். அவன் மெய்க்கீர்த்தி வென்ற இடங்களை வரிசைப்படுத்துகிறது. அங்கெல்லாம் கோயில் எடுத்ததாகச் சொல்லவில்லை.

இக்கோயிலின் காலத்தை வேல்ஸ் கணித்த பல்லவர் காலத்திலிருந்து பிற்காலத்துக்குக் கொணர்வோர் பலர். 10, 11ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது எனக் கொண்டாலும், கால ஒற்றுமை ஒன்றினால் அது சோழர் கட்டடமாகிவிடாது. சோழர் தாம் ஆட்சி செய்த இடத்தில் எவ்வாறு கட்டினர் என்பதற்குப் பொலன்னறுவையே சான்று. அங்குள்ள சிவதேவாலயம், தூணும் கோட்டமும் கூடு வரிசையும் சிகரமும் கொண்ட முழுச் சோழக் கற்றளி. சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகளும் உள. புக்கிட் பத்து பாஹாட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. தமிழ் வணிகர் இக்கடற்பரப்பில் எழுத்தை விட்டுச் சென்ற இடங்கள் வேறு: தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தாரைக் குறிக்கும் கல்வெட்டும், சுமத்திராவின் பாருசை அடுத்த லோபு துவாவில் திசையாயிரத்து ஐந்நூற்றுவரின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டும் கிடைத்துள்ளன.

"சோழன் கட்டிய கோயில்" என்று வகுப்பறையில் சொல்லிவிடுவதால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. வெளியிலிருந்து படையெடுத்து வந்தவன் கட்டியது என்றால், அவன் திரும்பிச் சென்றதும் அதனோடு இம்மண்ணுக்குத் தொடர்பு அறுந்துவிடுகிறது. இம்மண்ணின் மக்களே கடல்வழி வந்த சமயத்தையும் சடங்கையும் ஏற்று, தம் மரத்தாலும் தம் கல்லாலும், தம் கைவண்ணத்தாலும் எழுப்பியது என்றால், அது இந்நாட்டு வரலாற்றின் பகுதியாகிறது. தமிழ் மாணவரும் மலாய் மாணவரும் அருகருகே நின்று பார்க்கத்தக்கதாகிறது. நம் பெருமைக்காக அதனை நாம் முழுவதும் உரிமை கொண்டாடினால், அயலது என்று அதனை ஒதுக்க விழைவோர்க்கு நாமே சொல் எடுத்துக் கொடுத்தவராவோம்.

இது வெறும் அச்சம் அன்று. சுங்கை பத்துப் பகுதியில் 11ஆம் எண்ணுடைய சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடிக்கப்பட்டது 2013 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. தனியார் நிலத்தில் இருந்த அத்தளம், 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவாகாத ஒன்று. மலேசியா முழுவதும் அது பேசுபொருளாயிற்று. ஆயினும் கற்கள் திரும்பவில்லை. அதே சுங்கை பத்து வட்டாரத்தில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் செங்கற்கட்டடங்களையும் வெளிக்கொணர்ந்தனர். அடித்தளம் மட்டுமே உள்ள ஒரு கட்டடத்தைக் கற்குவியலாகக் காண்பதற்கும் கோயிலாகக் காண்பதற்கும் இடையிலுள்ள தொலைவு, பொறியின் வாய்க்கும் வேலிக்கும் இடையிலுள்ள தொலைவாகிவிட்டது.

மெர்போக்கிற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு பரிந்துரை. நேரே கருவறைக்கு ஏறவேண்டா. முதலில் ஓடைக்கு இறங்கி, அங்குள்ள கருங்கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் மண்டபத் தளத்தின் தூணடிக் கற்களை எண்ணச் செய்து, தரைப்படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மரத்தூண் நிற்பதாக எண்ணி, மாணவரை அவ்வவ்விடங்களில் நிற்க வைக்கலாம். அவ்வாறு அவர்கள் நின்றதும் மண்டபத்தின் அகல நீளம் தானே விளங்கும். கோபுரம் எங்கே என்ற வினா அதன்பின் எழுமாயின், தலைக்கு மேலே கூரை எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று அவர்களையே வரையச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தின் உள்ளே உள்ள பேழைகளைக் கடைசியில் காட்டினால் போதும்.